ருத்ரன் யார் தொண்டையில்?

மதிய இடைவேளை முடியப் பத்து நிமிடம் இருக்கும். இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி துறை அறைக்கு வந்தாள். தன் காதிலிருந்த இயர்போன்களில் ஒன்றைக் கழற்றி நீட்டினாள்.

“அம்மா, இதுல என்ன பாஷைன்னு கேட்டுச் சொல்றீங்களா?”

தமிழ்த்துறையில் எங்களை யாரும் மேடம் என்று கூப்பிடுவதில்லை. அம்மாதான். காதில் வைத்ததும் எடுத்துவிடத்தான் தோன்றியது. டிரம்ஸ் இரண்டு காலாலும் மிதிபட்டு ஓடிக்கொண்டிருந்தது. கிதார் இரும்பை அரம்போட்டு ராவுவதுபோல் இருந்தது. அதன்மேல் ஓர் ஆணின் உறுமல். ஆங்கிலம் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து அந்த உறுமலுக்குள்ளிருந்து சமஸ்கிருதச் சொற்கள் எழுந்து வந்தன. சொன்னேன்.

“அப்ப இது சாமி பாட்டாம்மா?”

எனக்குப் பதில் தெரியவில்லை. மணி அடித்துவிட்டது, வகுப்புக்குப் போய்விட்டேன். ஆனால் கேள்வி கூடவே வந்தது. காஞ்சிபுரத்தில் பிறந்து, இந்த ஊர்க் கோயில்களில் அபிஷேக நேரத்து ருத்ரத்தைத் தூணோரம் நின்று கேட்டு வளர்ந்த ஒருத்திக்கு, ‘இது சாமி பாட்டா’ என்பது இசை பற்றிய கேள்வியாக மட்டும் இருக்க முடியாது. யார் சொன்னால் அது சாமி பாட்டு ஆகும் என்ற கேள்வியும் அதற்குள் இருக்கிறது.

அவள் கேட்டுக்கொண்டிருந்தது ‘ருத்ரா’ என்ற சிங்கப்பூர்க் குழுவின் பழைய பதிவு. 1992ல் தொடங்கிய குழு. கதிர் என்பவர் பாடகர், பேஸ் கிதாரும் அவரே. டிரம்ஸ் சிவா. தமிழ் வம்சாவளி இளைஞர்கள். 1994ல் ஒரு டெமோ வெளியிட்டார்கள். இடையில் கலைந்து மறுபடி கூடினார்கள். 1998ல் குழுவின் பெயரையே தலைப்பாக வைத்து முதல் முழு ஆல்பம் வந்தது. டெத் மெட்டல் அடித்தளம், அதில் பிளாக் மெட்டலின் இருட்டும் த்ராஷ் மெட்டலின் வேகமும். வரிகள் பெரும்பாலும் ஆங்கிலம். நடுநடுவே வேத, உபநிடதத் தொடர்கள். இதற்கு ‘வேத மெட்டல்’ என்று ஒரு பெயரும் நிலைத்துவிட்டது. 2005ல் தொடங்கி ‘பிரம்மவித்யா’ என்று மூன்று ஆல்பங்கள் வரிசையாக வந்தன. அவை நன்றாகச் செதுக்கப்பட்டவை என்று மெட்டல் கேட்பவர்கள் சொல்கிறார்கள். எனக்கென்னவோ அந்த 1998 பதிவின் முரட்டுத்தனம்தான் பிடித்திருக்கிறது. என்ன செய்கிறோம் என்று முழுதாகத் தெரியாமல், செய்தே ஆகவேண்டும் என்று செய்தது அதில் கேட்கிறது.

அந்தப் பையன்கள் வளர்ந்த சிங்கப்பூரையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். எழுபதுகளில் நீளமுடி வைத்த ஆண்களுக்கு அரசு அலுவலகங்களில் கடைசியாகத்தான் வேலை நடக்கும் என்று சுவரொட்டி ஒட்டிய நாடு அது. 1973 முதல் தைப்பூச ஊர்வலத்தில் தெருவில் இசைக்கருவி வாசிக்கத் தடை. அது ஓரளவு தளர்ந்தது 2016ல். காவடி எடுப்பவன் பின்னால் மேளம் கூடாது என்ற ஊரில், தமிழ்ப் பையன்கள் சிலர் இரண்டு கால் டிரம்ஸோடு ருத்ரன் பெயரைச் சொல்லி உறுமினார்கள். இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று அவர்கள் சொல்லி நான் கேட்டதில்லை. என் காதுக்குத் தொடர்பு கேட்கிறது, அவ்வளவுதான்.

இந்த வகை இசையைப் ‘பேய்க் கூச்சல்’ என்று சொல்லிவிட்டு நகர்வது எளிது. நானும் அப்படித்தான் இருந்தேன். மாணவியின் கேள்விக்காகப் படிக்கத் தொடங்கியபோதுதான் அது வந்த வழி தெரிந்தது. எல்லாம் தொழிலாளர் ஊர்கள். பிளாக் மெட்டல் என்ற பெயரே வெனம் என்ற குழுவின் 1982ஆம் ஆண்டு ஆல்பத்தின் தலைப்பிலிருந்து வந்தது. அவர்கள் நியூகாசில்காரர்கள். நிலக்கரியும் கப்பல் கட்டும் துறையும் சரிந்துகொண்டிருந்த ஊர். ஜெர்மனியில் சோடம் என்ற குழுவைத் தொடங்கிய டாம் ஏஞ்சல்ரிப்பர் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். இவர்களுக்கெல்லாம் முன்னோடி பர்மிங்காமின் பிளாக் சப்பாத், முதல் ஆல்பம் 1970.

பிளாக் சப்பாத்தின் கிதார் கலைஞர் டோனி அயோமியின் கதை இசை உலகத்தில் எல்லோருக்கும் தெரியும். பதினேழு வயதில் தகரப் பட்டறையில் வேலை. ஒருநாள் அழுத்து இயந்திரத்தில் வலதுகையின் இரண்டு விரல் நுனிகள் போயின. பிளாஸ்டிக் புட்டியை உருக்கித் தனக்குத் தானே விரல்குப்பி செய்து மாட்டிக்கொண்டார். பிற்பாடு கம்பிகளையும் தளர்த்திக் கட்டினார். ஹெவி மெட்டலின் அந்தக் கனத்த, தாழ்ந்த ஒலி அப்படித்தான் பிறந்தது என்பார்கள். இந்தக் கதையில் ஒரு துணுக்கு உண்டு. அயோமியே சொல்லியிருக்கிறார், ஆனால் யாரும் அதன்மேல் நிற்பதில்லை. அந்த இயந்திரம் அவருடையதல்ல. அவர் வேலை பற்றவைப்பது. தகடு வளைக்கும் இயந்திரத்தில் ஒரு பெண் வேலை பார்த்தாள். அன்று அவள் வரவில்லை. அவள் இடத்தில் இவரை உட்கார வைத்தார்கள்.

ஏன் வரவில்லை? பிள்ளைக்குக் காய்ச்சலா, மாதவிலக்கு வலியா, வேறு வேலை கிடைத்துவிட்டதா? ஒரு முழு இசை வகையின் பிறப்புக் கதையில் அவள் ‘அன்று வராதவள்’ என்ற அளவில் நிற்கிறாள். தினமும் வந்த நாட்களில் அவள் விரல்கள் அந்த இயந்திரத்தின் அடியில்தான் இருந்தன.

எனக்கு இது பழகிய கதை. எங்கள் வீடு பிள்ளையார்பாளையத்தில், நெசவாளர் தெருவில். கூடத்தில் குழித்தறி. அப்பா குழிக்குள் கால் வைத்து மிதிப்பார். இரண்டு காலும் மாறி மாறி மிதிக்கும் அந்தத் தாளம்தான் என் தாலாட்டு. டிரம்ஸின் இரட்டை மிதி கேட்டதும் உடம்பு ஏன் அதை ஏற்றுக்கொண்டது என்று இப்போது புரிகிறது. கோர்வைப் புடவைக்குக் கரை தனி நிறம், உடல் தனி நிறம். அதற்கு மூன்று நாடா. ஒரு பக்கக் கரைக்கு நாடா தள்ள இன்னொரு ஆள் பக்கத்தில் உட்கார வேண்டும். எங்கள் வீட்டில் அது நான், பள்ளிக்கூடம் போவதற்கு முன்னும் பின்னும். பாவு புணைப்பதும் தார் சுற்றுவதும் சரிகை இழையைச் சிக்கில்லாமல் பிரித்துத் தருவதும் அம்மா. கூலி மட்டும் அப்பா பெயரில் வரும். ‘காஞ்சிப் பட்டை நெய்தவர்’ என்று புகைப்படம் எடுக்க வருகிறவர்கள் தறியில் உட்கார்ந்தவரைத்தான் எடுப்பார்கள். அம்மா படத்துக்கு வெளியே தார் சுற்றிக்கொண்டிருப்பாள், அன்றைக்கும் வந்திருந்தும்.

மறுபடி அந்த சமஸ்கிருதத்துக்கு வருகிறேன்.

கௌதம தர்மசூத்திரத்தில் ஒரு விதி இருக்கிறது. சூத்திரன் வேண்டுமென்றே வேதத்தைக் கேட்டால் அவன் காதுகளை ஈயத்தாலும் அரக்காலும் நிரப்ப வேண்டும். உச்சரித்தால் நாக்கு போகும். இது எங்கோ ஒரு மூலையில் கிடந்த விதி என்று சிலர் சொல்வார்கள். ஆதிசங்கரர் தமது பிரம்மசூத்திர பாஷ்யத்தில், முதல் அத்தியாயம் மூன்றாம் பாதத்தில், பிரம்மவித்தைக்கு யாருக்குத் தகுதி என்று பேசும் இடத்தில் இந்த விதியைச் சான்றாக எடுத்துக்காட்டுகிறார். மற்றவர்கள் இதிகாச புராணங்கள் வழியாகத் தெரிந்துகொள்ளலாம் என்று ஒரு பக்கவாசலையும் திறந்துவைக்கிறார். அந்தப் பக்கவாசலில் நிற்பவர்கள் யார் என்று பாகவதம் இன்னும் தெளிவாகச் சொல்கிறது. பெண்களையும் சூத்திரர்களையும் ஒரே தொகையில் சேர்த்து, வேதம் இவர்கள் காதுக்கு உரியதல்ல, அதனால்தான் வியாசர் இவர்களுக்காக மகாபாரதம் செய்தார் என்கிறது.

இதைத் தெரிந்துகொண்டு அந்த 1998 பதிவை மறுபடி கேட்டபோது சிரித்துவிட்டேன். காதில் உலோகம் ஊற்றுவோம் என்றார்கள். இவர்கள் உலோகத்தை இசையாக்கி, அதற்குள் அந்த மந்திரத்தையே வைத்து, விரும்புகிறவர் காதில் எல்லாம் ஊற்றிவிட்டார்கள். சுரம் பிசகினால் பொருள் மாறிவிடும், பாவம் சேரும் என்று உதாத்தம் அனுதாத்தம் ஸ்வரிதம் என்று காத்துவைத்த உச்சரிப்பு. அதை எடுத்து எல்லாச் சுரமும் அழிந்துபோகிற உறுமலில் சொல்கிறார்கள். இதைவிடப் பெரிய மீறலை நான் தமிழ்க் கவிதையில்கூட அதிகம் பார்த்ததில்லை. வேடிக்கை என்னவென்றால், அவர்கள் மீறலாக நினைத்துச் செய்யவில்லை. நம்பிக்கையோடு செய்தார்கள். மேற்கத்திய பிளாக் மெட்டல் தேவாலயத்துக்கு எதிராகச் சாத்தானைக் கூப்பிட்டது. இவர்களோ கோயிலுக்குள் இருந்த கடவுளையே கூப்பிட்டார்கள். கதிர் வேதாந்தம் முறையாகப் படித்தவர், கற்பிக்கிறவர். ஆகவே மாணவியின் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்தது. ஆமாம், பாடுகிறவர்களுக்கு இது சாமி பாட்டுதான்.

ஆனால் இந்த இடத்தில் என் உற்சாகம் தடுக்கியது. அவர்களுடைய இரண்டாவது ஆல்பம் 2001ல் வந்தது. தலைப்பைத் தமிழில் சொன்னால் ‘ஆரியப் புனிதப்போர்’. ஆரியம் என்றால் மேன்மை, இனத்தைக் குறிப்பதல்ல என்று விளக்கம் சொல்லலாம். சொல் சமஸ்கிருதத்தில் அப்படி வழங்கியதும் உண்மை, பௌத்தர்களும் அப்படிப் பயன்படுத்தினார்கள். இருக்கட்டும். நான் அந்தத் தலைப்பைப் படித்தது காஞ்சிபுரத்தில். 1925ல் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்துக்கு இடமில்லை என்றதும் பெரியார் காங்கிரசை விட்டு எழுந்துபோன மாநாடு இந்த ஊரில் நடந்தது. ‘ஆரிய மாயை’ எழுதிய அண்ணா பிறந்தது இந்த ஊரில். எங்கள் தெருவில் கைத்தறிச் சங்கம் இருந்த அதே வரிசையில் படிப்பகமும் இருந்தது. அங்கே கிடந்த புத்தகங்களைப் படித்துத்தான் கல்லூரிக்கு வந்தேன். கடல் தாண்டிப் பிறந்த ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு அந்தச் சொல் எரியாமல் இருக்கலாம். எனக்கு எரிகிறது. ஒரு பதிவை ரசிப்பதற்காக அந்த எரிச்சலை மறைக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

இன்னொரு தடுக்கல் இதைவிட ஆழமானது. பிரம்மவித்தையைப் பாடுகிறவர்களுக்கு பிருகதாரண்யக உபநிடதம் தெரியாமல் இருக்காது. அதில் ஜனகன் சபையில் யாக்ஞவல்கியரிடம் எல்லோரும் கேள்வி கேட்கிறார்கள். ஒரே ஒரு பெண், கார்கி. அவள் கேட்பது என்ன தெரியுமா? தறிக் கேள்வி. இந்த உலகமெல்லாம் நீரின்மேல் பாவும் ஊடையுமாக நெய்யப்பட்டிருக்கிறது என்றால், நீர் எதன்மேல் நெய்யப்பட்டிருக்கிறது? அவர் ஒரு பதில் சொல்கிறார். சரி, அது எதன்மேல்? அதற்கும் ஒரு பதில். அது? இப்படியே இழை பிடித்துக் கேட்டுக்கொண்டே போகிறாள். கடைசியில் அவர் சொல்வது, இதற்குமேல் கேட்காதே, கேட்டால் உன் தலை விழுந்துவிடும் என்று. கார்கி வாயை மூடிக்கொள்கிறாள்.

வகுப்பில் இதை ‘பண்டைய இந்தியாவில் பெண்கல்வி’ என்ற தலைப்பில் பெருமையோடு சொல்லிக்கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தலை விழும் இடம் வரும்போது மட்டும் கொஞ்சம் வேகமாகப் படிப்பார்கள். பிறகு அவள் மறுபடி எழுந்து, வில்லில் நாணேற்றி இரண்டு அம்போடு வரும் வீரனைப்போல இரண்டு கேள்விகளோடு வருகிறேன் என்று அறிவித்துவிட்டே கேட்கிறாள், மறுபடியும் நெசவின் மொழியில்தான். அதற்கும் யாக்ஞவல்கியர் பதில் சொல்கிறார். இவரை யாராலும் வெல்ல முடியாது என்று சபைக்குச் சொல்லி அவள் உட்கார்ந்துவிடுகிறாள். என் கவனம் முதல் அமர்தலில்தான் நிற்கிறது. நெய்வதைப்பற்றிக் கேட்ட பெண்ணின் தலை ஏன் விழ வேண்டும்?

ருத்ரா குழுவின் உறுமும் தொண்டை ஆணுடையது. முதல் பதிவிலும் அப்படி. 2022ல் எட்டு மகாவித்யைகள் என்ற தலைப்பில் ஓர் ஆல்பம் வந்தபோதும் உறுமல் ஆணுடையதுதான். சாதி சொன்ன ‘நீ உச்சரிக்காதே’ அங்கே உடைந்தது. பெண்ணுக்குச் சொன்ன ‘உச்சரிக்காதே’ அப்படியே இருந்தது, யாரும் அதை உடைக்க வேண்டிய பொருளாகவே பார்க்கவில்லை. இந்தப் பக்கம் நம் ஊரிலும் அதே வரிசைதான். அனைத்துச் சாதியினரும் அர்ச்சகர் ஆகப் பல பத்தாண்டுப் போராட்டம், 2021ல் நியமனம். அரசு அர்ச்சகர் பயிற்சியில் பெண்கள் மூன்று பேர் தேறியது 2023ல்.

உறுமல் ஆண் தொண்டைக்கே உரியது என்று இயற்கை ஏதும் சொல்லவில்லை. நாம் பேசுவதும் பாடுவதும் குரல்நாண்களால். ஆண் நாண் நீளம், பெண் நாண் குட்டை, அதனால் குரல் வேறுபடுகிறது. மெட்டல் உறுமல் பெரும்பாலும் அதற்குச் சற்று மேலே இருக்கும் பொய்க்குரல் மடிப்புகளிலிருந்து வருகிறது. அங்கே அந்த நீளக் கணக்கு அவ்வளவாகச் செல்லாது. 1986ல் ஹோலி மோசஸ் என்ற ஜெர்மன் த்ராஷ் குழுவின் முதல் ஆல்பம் வந்தது. அதில் உறுமுவது சபீனா கிளாசன் என்ற பெண். பெயர் தெரியாமல் கேட்டால் ஆண் என்றே நினைப்பீர்கள். நான் நினைத்தேன். தொண்டை கெடாமல் உறுமுவது எப்படி என்று உலகத்துக்குப் பாடம் நடத்திய மெலிசா கிராஸும் ஒரு பெண்தான். இன்று இந்தோனேசியாவில் வாய்ஸ் ஆஃப் பாசெப்ரோட் என்று மூன்று முஸ்லிம் பெண்கள், தலையில் துணியோடு, மேற்கு ஜாவாவின் ஒரு கிராமத்துப் பள்ளியிலிருந்து கிளம்பி மெட்டல் வாசிக்கிறார்கள். 2024ல் இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி விழா மேடைவரை போனார்கள்.

பதிவு என்று வந்தால் காஞ்சிபுரத்துக்கு வேறொரு முன்கதை உண்டு. 1902ல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடிய பிறகு தெற்கிலும் கிராமஃபோன்காரர்கள் வந்தார்கள். இசைத்தட்டுக்குத் துணிந்து முதலில் பாடியவர்களில் பலர் தேவதாசி மரபில் வந்த பெண்கள். சேலம் கோதாவரி, கோயம்புத்தூர் தாயி, பெங்களூர் நாகரத்தினம்மாள். அந்த வரிசையில் காஞ்சிபுரம் தனகோடி அம்மாளும். அவருடைய சகோதரி மகன்தான் நயினாப் பிள்ளை. சகோதரி மகனின் பெயரை இசை மேடைகளில் இன்றும் சொல்கிறார்கள். பெரியம்மாவின் பெயரை என் மாணவிகளில் ஒருத்திகூடக் கேட்டதில்லை. அவர்கள் குரலைக் கேட்கவே ரசிகர்கள் பணம் கொடுத்தார்கள். அந்தக் குரல் இனிமையாக இருக்க வேண்டும் என்பது எழுதப்படாத ஒப்பந்தம். இனிமை போனால் பிழைப்பு போகும். ஒரு பெண் அசிங்கமான குரலில் பாடி, அதையும் யாரேனும் பதிவு செய்துவைப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கவே அப்போது வழியில்லை.

அப்படித்தான் நினைத்திருந்தேன். பிறகு நான் முனைவர் பட்டத்துக்காக வருடக்கணக்கில் புரட்டிய பக்கங்களிலேயே ஒருத்தி இருப்பது உறைத்தது.

காஞ்சிபுரத்திலிருந்து அரக்கோணம் போய் வண்டி மாறினால் திருவாலங்காடு. காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து கயிலைக்குப் போனவர், கடைசியில் ஆடல் காண வந்து தங்கிய இடம். அழகான உடம்பு வேண்டாம், பேய் வடிவம் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்ட பெண். அறுபத்துமூவர் வரிசையில் மற்றவர்கள் நிற்க, உட்கார்ந்திருப்பவர் அவர். மூத்த திருப்பதிகங்கள் இரண்டும் சுடுகாட்டில் நடக்கின்றன. பெண்பேய் ஒன்றின் வற்றிய மார்பும் புடைத்த நரம்பும் துருத்திய பல்லும் முதல் வரிகளிலேயே வருகின்றன. நரி வரும், கழுகு வரும், அரைகுறையாக வெந்த பிணம் வரும். முதல் பதிகத்தில் ஒரு பாட்டு முழுக்கச் சுரங்களின் பெயர்களும் கருவிகளின் பெயர்களும். கொக்கரை, தக்கை, தமருகம், குடமுழா. நடுவில் ஆடுகிறவன் யார்? ருத்ரன்தான்.

பிளாக் மெட்டல் குழுக்களின் அட்டைப்படங்களில் வரும் சுடுகாடும் எலும்பும் பேயும் எல்லாம் ஒரு தமிழ்ப் பெண் ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பே, தன்னையே பேய் என்று கையெழுத்திட்டு எழுதிவைத்தவை. இதை ‘எல்லாம் நம்மிடம் முன்பே இருந்தது’ என்ற மேடைப் பேச்சாக எடுத்துக்கொள்ள வேண்டாம், எனக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. இங்கே இருந்ததை நாம் என்ன செய்தோம் என்பதுதான் என் சங்கடம். கோயிலில் அவரைக் கும்பிடுகிறோம். பதிகத்தை ஓதுவார் பண்ணோடு, கண் மூடிக் கேட்கும்படி, மிக இனிமையாகப் பாடுகிறார். பேயின் பாட்டிலிருந்து பேயை எடுத்துவிட்டோம்.

பரணியிலும் பேய்கள் உண்டு. கலிங்கத்துப்பரணியில் குலோத்துங்கன் காஞ்சியில் இருந்துகொண்டுதான் கருணாகரத் தொண்டைமானைப் படையோடு அனுப்புகிறான். ஊர்ப்பெருமைக்காக நாங்கள் இதை வகுப்பில் தவறாமல் சொல்வோம். போர் முடிந்ததும் பேய்கள் களத்தில் பிணத்தைக் கூழாக அடுகின்றன. பானை கழுவு, அரிசி குற்று, உலை வை, பரிமாறு. அங்கும் சமையல்தான். அம்மையாரின் பேய் சமைப்பதில்லை, பாடுகிறது.

ருத்ரன் என்ற பெயருக்கு பிராமண நூல்கள் சொல்லும் விளக்கம், அவன் பிறந்ததும் அழுதான், அதனால் ருத்ரன். ‘ருத்’ என்றால் அழு, கதறு. எங்கள் ஆயா ஒப்பாரிக்குப் பேர்போனவர். நாலு தெரு தள்ளிச் சாவு விழுந்தாலும் ஆள் வந்து கூட்டிப்போவார்கள். போய்விட்டு வந்தால் ஒரு வாரம் தொண்டை கம்மியிருக்கும், மிளகுக் கஷாயம் குடிப்பார். அந்தக் குரல் வயிற்றிலிருந்து வரும். சிறுபிள்ளையாக அவர் மடியில் உட்கார்ந்து அது முதுகெலும்பில் ஏறுவதை அனுபவித்திருக்கிறேன். சாதாரண நாளில் அதே ஆயா நான் கொஞ்சம் சத்தமாகச் சிரித்தால், “பொட்டப்புள்ள சத்தம் வாசல் தாண்டுது பாரு” என்பார். சாவு வீட்டில் மட்டும் வாசல் தாண்டலாம்.

இனி, சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை எழுதியதற்கே அர்த்தமில்லாத ஒன்று. சென்ற ஆண்டு கல்லூரி ஆண்டுவிழாவுக்கு அந்த மாணவி பெயர் கொடுத்தாள். பெயருக்கு எதிரே ‘பாடல்’ என்று எழுதியிருந்தாள். ஒத்திகையில் மைக்கைப் பிடித்து உறுமினாள். அரை நிமிடம் ஆகியிருக்காது, ஒலிப்பெட்டியை அணைத்துவிட்டார்கள். “பொம்பளப் பிள்ள தொண்டை என்னத்துக்கு ஆகும்?” என்றார் ஒருவர், அக்கறையோடுதான். “பேய் பிடிச்ச மாதிரி இருக்கு” என்றார் இன்னொருவர். அதற்கு முன்னால் பையன்கள் இரண்டு பேர் மிமிக்ரியில் சிங்கம்போலவும் ஜே.சி.பி.போலவும் உறுமிக் கைத்தட்டு வாங்கியிருந்தார்கள். தேர்வுக் குழுவில் நானும் இருந்தேன். காரைக்கால் அம்மையாரைப்பற்றிக் கட்டுரைகள் எழுதியவள், கவிதையில் பெண்ணுடலின் மொழி என்று கருத்தரங்குகளில் பேசுகிறவள், பட்டியலில் அவள் பெயரை அடித்தபோது எதுவும் சொல்லவில்லை. தலை விழுந்துவிடும் என்று யாரும் என்னிடம் சொல்லவுமில்லை. கூட்டம் முடிந்து டீ குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

இரண்டு மாதம் கழித்து அவளிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகவே தெரியவில்லை, அதுதான் எனக்கு இன்னும் வலித்தது. “வீட்டுலயே பாடுறேம்மா. வந்து கேளுங்க” என்றாள்.

அவள் வீடும் நெசவாளர் வீடுதான், எங்கள் தெருவிலிருந்து நடக்கும் தூரம். அப்பா தறியை விற்றுவிட்டு ஒரு கம்பெனி வேனில் ஷிப்ட் வேலைக்குப் போகிறார். குழி மட்டும் அப்படியே இருக்கிறது, மேலே பலகை போட்டு மூடியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டில் தறி ஓடும் நேரமாகப் பார்த்துத்தான் பயிற்சி செய்வாளாம், சத்தத்தோடு சத்தமாகப் போய்விடும். என்ன பாட்டு என்று கேட்டேன். கைப்பேசியை எடுக்கவில்லை. நான் வகுப்பில் நடத்திய மூத்த திருப்பதிகத்தின் நகலை எடுத்தாள். கருவிப் பெயர்கள் வரும் அந்தப் பாட்டில் பென்சிலால் கோடு போட்டு, எங்கே மூச்சு எடுக்க வேண்டும் என்று குறித்திருந்தாள்.

“இதுல வல்லின எழுத்து நிறைய இருக்கும்மா. நல்லா வருது.”

பலகைமேல் ஏறி நின்றாள். பக்கத்து வீட்டுத் தறி ஓடிக்கொண்டிருந்தது. அவள் தொடங்கிய மூன்றாவது அடியில், எதற்காகவோ அந்தத் தறி நின்றுவிட்டது. அவள் நிறுத்தவில்லை.

பின்கட்டிலிருந்து அவள் ஆயா கையில் அரிசி முறத்தோடு ஓடிவந்தார்.

“யாருடி செத்துட்டா?”

“ஒருத்தரும் சாகல ஆயா. பாட்டு.”

ஆயா என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். முறத்தைக் கீழே வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தார்.

“அடிவயித்துலருந்து எடு. கழுத்துலருந்து எடுத்தா நாலு நாளைக்குப் பேச்சு வராது.”